எந்தப் பக்கம் பற்ற வைப்பது

துணியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தே எடை சொல்லிவிடுவார் கந்தவேல். பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் இருபத்தாறு வருடமாகக் கட்டிங் மாஸ்டர். "நூத்தி எம்பது ஜி.எஸ்.எம்.முங்க" என்பார், சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்கிற கணக்கில். பக்கத்தில் நிற்கிற, ஆர்டர் பார்க்கும் மெர்ச்சண்டைசர் நம்பாமல் துணியில் ஒரு வட்டம் வெட்டித் தராசில் வைப்பார். நூற்றெண்பத்தொன்று காட்டும். "அந்த ஒண்ணு ஈரமுங்க" என்பார் கந்தவேல், முகத்தில் சிரிப்பே இல்லாமல். அதற்கு மேல் அவரிடம் யாரும் வாய் கொடுக்க மாட்டார்கள்.

இந்த விரலுக்குத்தான் ஹென்ரிக் மயங்கிப்போனார். ஹென்ரிக், டென்மார்க்கிலிருந்து வருடத்துக்கு ஒரு தடவை பனியன் வாங்க வருகிற பையர். முதலாளி ஏசி அறையில் முந்திரிப் பருப்போடு காத்திருக்க, இந்த மனுஷர் கட்டிங் டேபிள் பக்கம் வந்து நின்றுகொள்வார். ஒரு வருடம் ஷிப்மெண்ட் போன மறுநாள், கந்தவேலைக் கம்பெனிக்குப் பின்னால் வேப்பமரத்தடிக்கு அழைத்துப்போய், கையில் ஒரு சுருட்டைக் கொடுத்தார். இந்த மாதிரி விரல் நல்ல சுருட்டைப் பிடித்துப் பார்க்காமல் இருக்கக் கூடாது என்றார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு நூறு வார்த்தை பேக்டரி இங்கிலீஷ் இருந்தது. அதுவே தாராளம்.

கந்தவேல் சுருட்டு அறியாதவர் அல்ல. ஊர் முனியப்பனுக்குச் சுருட்டுப் பற்ற வைத்துப் படைப்பது அவர் குடும்பத்து வேலை. அந்தச் சுருட்டுக்கு இரண்டு முனையும் வெட்டித் திறந்திருக்கும். எந்தப் பக்கம் பற்ற வைத்தாலும் முனியப்பன் கோபித்துக்கொள்ள மாட்டார். அந்தப் பழக்கத்தில், ஹென்ரிக் கொடுத்ததை வாங்கிய கையோடு வாயில் வைத்து ஒரு குச்சியைக் கிழித்துக் காட்டினார். முனை கருகியது, புகை வரவில்லை. ஹென்ரிக் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு அதைப் பிடுங்கிக்கொண்டார். சீமைச் சுருட்டுக்கு ஒரு முனை மூடியிருக்கும். இலையிலேயே தொப்பி மாதிரி செய்து ஒட்டியிருப்பார்கள். அந்தத் தொப்பியைச் சீவிவிட்டு அந்தப் பக்கத்தை வாயில் வைக்க வேண்டும், நெருப்பு எதிர்ப்பக்கம். கந்தவேல் தொப்பிக்கே நெருப்பு வைத்துவிட்டார். கட்டிங் மாஸ்டருக்கு வெட்டுகிற இடம் தெரியவில்லை என்று அடுத்த மூன்று வருடமும் ஹென்ரிக் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

மற்றதையெல்லாம் கந்தவேல் சுலபமாகப் பிடித்துக்கொண்டார். புகையை நெஞ்சுக்குள் இறக்கக் கூடாது. வாயிலேயே நிறுத்தி, நாக்கின் மேல் உருட்டி, கொஞ்சத்தை மட்டும் மூக்கு வழியாக விட வேண்டும். நிமிடத்துக்கு ஒரு இழுப்புக்கு மேல் கூடாது, அவசரப்பட்டால் சூடாகிக் கசந்துவிடும். ஹென்ரிக் கொடுப்பது ஆளைத் தூக்கிப் போடுகிற ரகம். 'ஃபுல் பாடி' என்று அதற்குப் பெயர் சொன்னார். கந்தவேல் அதைத் தன் கணக்கில் வைத்துப் புரிந்துகொண்டார். ஊர்ச் சுருட்டு நூற்றிருபது ஜி.எஸ்.எம். என்றால் இது முந்நூற்றிருபது, குளிர்காலத்துத் துணி. வாய் முழுக்க அடைத்துக்கொண்டு நிற்கிற புகை. அதற்குள் ஏதோ ஒரு ருசி வருகிறது, பாதியில் அது போய் இன்னொன்று வருகிறது. அந்த ருசிகளுக்குப் பெயர்தான் அவருக்குப் பிடிபடவில்லை.

பெயர் வைத்தது அவர் மனைவி பழனாத்தாள். வேலம்பாளையத்து வீட்டில் அன்று கால் வைத்ததுமே கேட்டாள்.

"ஏனுங், முனியப்பன் கோயலுக்கா போயிட்டு வாரீங்க?"

விஷயத்தைச் சொன்னார். முகம் சுளிப்பாள் என்று நினைத்தார். அவளோ கிட்டே வந்து, "எப்படிங்க இருந்துச்சு?" என்றாள்.

"மொதல்ல ஒரு காரம். பொறவு ஒரு மாதிரி இனிப்பு. என்னமோ ஒண்ணு, சொல்லத் தெரியல புள்ள."

பழனாத்தாள் அவர் சட்டைக் காலரை இழுத்து மோந்து பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை மோந்தாள்.

"காரமில்லீங்க இது. வரமல்லி வறுக்கறப்ப சட்டி காஞ்சு போனா ஒரு வாசம் வருமே, அது. அந்த இனிப்பு வெல்லப்பாகுங்க. நல்ல பாகில்ல, பாகை எறக்குன பொறவு கொப்பரைல அடி புடிச்சுக் கெடக்குமே, அது."

அவள் மடத்துக்குளத்துக்காரி. கரும்பு ஆலைக்கும் வெல்லக் கொப்பரைக்கும் நடுவில் வளர்ந்த மூக்கு. அவள் சொன்னதுதான் தாமதம், மத்தியானம் நாக்கில் இருந்தது அவருக்கு மறுபடி வந்து நின்றது. அதேதான். துணியில் எடை சொல்கிறவர் என்று ஊரே மெச்சுகிற ஆளைவிடப் பெரிய ஆள் இத்தனை வருடமாக வீட்டில் ரசம் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அன்றிலிருந்து வருடத்துக்கு ஒரு நாள் அந்த வீட்டில் இதுதான் திருவிழா. சட்டையைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொள்வாள். மழை விழுந்த புண்ணாக்கு மூட்டை என்பாள். புதுச் செருப்பு என்பாள். ஒரு வருடம் வெகுநேரம் யோசித்துவிட்டு, "எங்கப்பன் மாட்டுக்குக் காயம் பட்டா வேப்பெண்ணய காச்சுவாருங்க. அந்த அடுப்பு" என்றாள். எண்ணெய்கூட இல்லை, அடுப்பு. பதினோரு வருடம், பதினோரு சுருட்டு. ஒன்றைக்கூட அவள் வாயில் வைத்ததில்லை. கந்தவேலும் இழுக்கும்போதே வீட்டில் போய் எதைச் சொல்வது என்று சேர்த்து வைத்துக்கொண்டே இழுப்பார். எல்லாவற்றையும் அவளிடம் சொன்னார். அந்தத் தொப்பி விவகாரத்தை மட்டும் சொல்லவில்லை. வெள்ளைக்காரன் முன்னால் தப்பான பக்கம் பற்ற வைத்து அசடு வழிந்ததை எந்தப் புருஷன் பெண்டாட்டியிடம் சொல்வான்.

பன்னிரண்டாவது வருடம் ஹென்ரிக் விடைபெற வந்தார். வயதாகிவிட்டது, இனி வருவதற்கில்லை. கண்ணாடிக் குழாய்க்குள் இருந்த ஒரு சுருட்டைக் கொடுத்தார். நிகரகுவா நாட்டு இலை. கருப்பட்டி நிறம், கட்டை விரல் பருமன், எண்ணெய் தடவியது போல் மினுமினுப்பு. இதை இப்போது தொடாதே, ஐந்து வருடம் போகட்டும், அதுவரை இலை பழுக்கும் என்றார். பிடிக்கிற அன்று மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள் என்றும் சொன்னார்.

பழனாத்தாள் அதை வாங்கி, மகள் சுபஸ்ரீ கல்யாணத்துக்கு எடுத்த பட்டுச்சேலையின் மடிப்புக்குள் வைத்து பீரோவைப் பூட்டினாள். வாசம் ஏறிவிடும் என்று அன்றோடு பீரோவில் அந்துருண்டை போடுவதை நிறுத்தினாள்.

"இந்தத் தடவ சட்டைய மோந்து பாக்கற வேலயெல்லாம் வேண்டாங்க. நீங்க இழுங்க, நான் பக்கத்துல உக்காந்து நேராவே புடிச்சுக்கறேன்" என்றாள்.

மூன்றரை வருடம் ஆனபோது அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கோயமுத்தூர் டாக்டர், நுரையீரல் இறுகிக்கொண்டே வருகிறது என்றார். படுக்கையறையில் ஆக்சிஜன் மெஷின் வந்து உட்கார்ந்தது. அது இருக்கிற வீட்டில் தீக்குச்சி உரசவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். சாமி விளக்குக்கு பல்பு மாட்டினார்கள். கரண்ட் அடுப்பு வாங்கினார்கள். பல்லடத்தில் இருந்த சுபஸ்ரீ தாயைப் பார்த்துக்கொள்ள வந்து தங்கினாள்.

"ஏனுங், அஞ்சு வருசமெல்லா நமக்கு ஆகாதுங்க. அத இப்பவே எடுத்துரலாம்" என்றாள் பழனாத்தாள் ஒரு நாள்.

"நல்லாகி எந்திரிச்சு வா. பொறவு பாக்கலாம்" என்றார்.

பத்து நாள் கழித்து இன்னொரு தடவை கேட்டாள். "மெசின நிறுத்திட்டு அஞ்சு நிமிசம் ஊட்டுக்குப் பொறகால, பொடக்காலில உக்காரறனுங்க. நீங்க இழுத்து உடுங்க, நான் தள்ளி உக்காந்து மோந்துக்கறேன்."

"புகை ஆகாதுன்னு டாக்டர் சொன்னது காதுல உளுகலயா?"

மூன்றாவது தடவை கேட்டபோது கத்திவிட்டார். முப்பது வருடத்தில் அவளைப் பார்த்து அப்படிக் கத்தியதில்லை. பயம்தான் கத்தியது, அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரிந்திருக்கும். பழனாத்தாள் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

ஒரு நாள் ஷிப்மெண்ட் வேலையில் மாட்டிக்கொண்டு தாமதமாக வந்தார். சோறு தின்றுவிட்டு அவள் கட்டிலருகே உட்கார்ந்தபோது, மூக்கில் குழாயோடு மெதுவாகக் கேட்டாள்.

"ஏனுங், அந்தச் சுருட்டுக்குப் பக்கம் ஏதாச்சும் இருக்குதுங்களா?"

மறுபடி ஆரம்பிக்கிறாள் என்று அவருக்கு எரிச்சல் வந்தது. "அந்தப் பேச்ச உட்டுப்போட்டுத் தூங்கு புள்ள" என்றார். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்கப்புறம் பத்தொன்பது நாள்தான் இருந்தாள்.

நியாயம் என்று பார்த்தால் எல்லாம் அவர் பக்கம்தான் இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது. கம்பெனிக்குப் போனார், துணியைத் தேய்த்தார், எடை சொன்னார். வீட்டுக்கு வந்தால் சட்டையைத் தானே கழற்றி ஆணியில் மாட்டினார்.

வருஷ திதிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சுபஸ்ரீ வந்திருந்தாள்.

"அப்பா, அம்மாவோட பட்டுச்சேலைய வெச்சுப் படைக்கலாமுங்களா?"

கந்தவேல் தானே எழுந்துபோய் பீரோவைத் திறந்தார். அவருக்கும் ஒரு கணக்கு இருந்தது. ஐந்து வருடம் முடிந்துவிட்டது. பழனாத்தாள் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அந்தச் சுருட்டைப் பற்ற வைத்து, எப்படி இருக்கிறது என்று அவளுக்குச் சொல்லிவிட வேண்டும். ஒரு வருடமாக அவரை நடமாட வைத்திருந்தது அந்த நினைப்பு ஒன்றுதான்.

சேலை மடிப்பிலிருந்து குழாயை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே சுருட்டோடு மூன்று எரிந்த தீக்குச்சிகள் கிடந்தன.

சுருட்டை வெளியே உருவினார். ஒரு முனை கருகியிருந்தது. தொப்பி இருக்கிற முனை. எதிர்முனையில் இலை நசுங்கி, ஓரத்தில் இரண்டு பல் பதிந்த தடம் இருந்தது.

"கண்ணு, அம்மா இருக்கறப்ப ஊட்டுல தீப்பெட்டி இருந்துச்சா?" என்று கேட்டார்.

சுபஸ்ரீ யோசித்தாள். "ஒரு நாளு அம்மாதான் கேட்டாங்க. கோயலுக்கு எண்ணயும் தீப்பெட்டியும் குடுத்து உடோணும்னாங்க. நாந்தான் வாங்கியாந்து குடுத்தனுங்க. அன்னைக்கே மெசினக் கழட்டிப்போட்டு, பொடக்காலில துவைக்கற கல்லு மேல போயி உக்காந்துட்டாங்க. சத்தம் போட்டுக் கூட்டியாந்தேன். ஏனுங்கப்பா?"

"என்னைக்கு?"

"நீங்க ஷிப்மெண்ட்டுன்னு நேரங்கழிச்சு வந்தீங்களே, அன்னைக்கு."

கந்தவேல் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். விளக்கை ஊதி அணைக்கவும் மூச்சில்லாதவள் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் போயிருக்கிறாள். முனியப்பன் கோயில் சுருட்டைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு எந்த முனையும் ஒன்றுதான். மூடிய முனையில் நெருப்பை வைத்து எதிர்முனையில் இழுத்திருக்கிறாள். மூன்று குச்சி. ஒரு வாய்ப் புகைகூட வந்திருக்காது. பதினோரு சுருட்டுக்குப் பெயர் வைத்தவளுக்குக் கடைசியில் தீக்குச்சி வாசம்தான் கிடைத்திருக்கிறது. அன்றைக்கு இரவு அவள் மறுபடி ஆரம்பிக்கவில்லை. தான் எங்கே தப்பு செய்தோம் என்று தெரிந்தவரிடம் கேட்டாள். மூன்று வருடம் ஹென்ரிக் சிரித்த சிரிப்பை ஒரு நாள் வீட்டில் சொல்லியிருந்தால் போதும், அவளும் சிரித்திருப்பாள், தெரிந்தும் வைத்திருப்பாள். சொல்வதற்கு வெட்கப்பட்டார்.

எழுந்து, சுருட்டோடும் தீப்பெட்டியோடும் பொடக்காலிக்குப் போய்த் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்தார். பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடம் விட்டுத்தான் உட்கார்ந்தார். சுருட்டு முனையைச் சீவ ஹென்ரிக் எப்போதோ கொடுத்திருந்த சின்ன வெட்டுக்கருவியைக் கருகிய தொப்பி மேல் வைத்தார். அங்கே வெட்டினால் அவள் பற்ற வைத்த இடம் கீழே விழுந்துவிடும். லட்சக்கணக்கில் துணி வெட்டிய கைக்கு அதை வெட்ட வரவில்லை. கருவியைப் பைக்குள் போட்டுவிட்டு, பல் பதிந்த முனையைத் தன் வாயில் வைத்தார். அவள் கருக்கிய இடத்திலேயே குச்சியைக் காட்டினார்.

முதல் குச்சிக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதற்கும் இல்லை. மூன்றாவது குச்சி விரலைச் சுட்டது. நாலாவதில் கன்னம் ஒட்டிப்போகும்வரை இழுத்தார். தொப்பி எரிந்து விட்டுக்கொடுத்தது. புகை வாய் நிறைய வந்தது.

அப்படி ஒரு கனத்த புகையை அவர் இதுவரை வாயில் வாங்கியதில்லை. இறக்கிவிடாமல் நிறுத்தி, நாக்கில் உருட்டி, கொஞ்சத்தை மூக்கில் விட்டார். ஏதோ ஒரு ருசி வந்தது. நன்றாகத் தெரிந்த ருசி, அடிக்கடி அந்த வீட்டிலேயே வந்துபோன ஒன்று. பெயர் தெரியவில்லை. பெயர் கேட்க, இடம் விட்டிருந்த பக்கம் திரும்பினார்.

மீதிப் புகையை அந்தப் பக்கமாக ஊதினார்.

"பத்துது புள்ள" என்றார். "எந்தப் பக்கம் வெச்சாலும் பத்துது. தம் புடிச்சு இழுக்கோணும், அவ்வளவுதான். என்னயக் கூப்புட்டிருந்தா நான் இழுத்துக் குடுத்திருக்க மாட்டனா?"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. மூன்று தடவை கூப்பிட்டிருந்தாள்.