மூக்குச் சீறாத எட்டு நாட்கள்

என் மனைவிக்கு மணம் தெரியாமல் போனது எந்த நாள் என்று என்னிடம் பதிவு இல்லை. கிணறு இறைத்த நாள், கூரை ஓடு மாற்றிய நாள், கொண்டல் காற்று தொடங்கிய நாள் எல்லாம் என் நாட்குறிப்புகளில் இருக்கின்றன. இது மட்டும் இல்லை. சளித் தடிமன்தான் விடவில்லை என்று நாங்கள் இருவரும் நினைத்துக்கொண்டே நாலைந்து மாதம் போய்விட்டது. எனக்குக் கிடைக்கிற முதல் குறிப்பு ஒரு புதன்கிழமைக்கு உரியது: "பருப்பு அடிப்பிடித்தது. பக்கத்தில் நின்றும் அவளுக்குத் தெரியவில்லை."

சமையல் அவளுக்குப் பெரிய கவலையாக இருக்கவில்லை. உப்பும் புளியும் நாக்குக்குத் தெரியும், மீன் பழுதா என்று நான் மோந்து சொல்வேன். அவளை அரித்தது வேறு. தன்னில் என்ன மணக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. வேர்வையா, மீன் கழுவிய கையா, சரியாகக் காயாத துணியா, எதுவும் தெரியாது. கிண்ணியாவில் எங்கள் தெருவில் ஒரு கலியாணத்தையும் விடாதவள், இப்போது போனாலும் வாசலோரத்துக் கதிரையில் தனியே இருந்துவிட்டு வந்தாள். பெண்கள் பக்கத்தில் வந்து இருந்தால் ஏதாவது சாட்டுச் சொல்லி எழும்பிவிடுவாள். நாளுக்கு மூன்று தரம் குளித்தாள். வெளியே இறங்குமுன் முக்காட்டை விலக்கிக் கழுத்தை என் பக்கம் நீட்டுவாள்.

"என்னில மணக்கிதா? உண்மையச் சொல்லுங்க."

"சவுக்காரம் மணக்கிது."

"சவுக்காரம் மட்டுமா?"

"சவுக்காரத்துக்குள்ள நீயும் கொஞ்சம் மணக்கிறாய்."

நான் அன்பாகத்தான் சொன்னேன். அவள் திரும்பக் குளிக்கப் போனாள். அதற்குப் பிறகு அந்த விஷயத்தில் நான் பகிடி விடவில்லை.

நகரத்து ஆஸ்பத்திரி டொக்டர் மெல்லிய குழாய் ஒன்றை அவளுடைய மூக்குக்குள் விட்டார். அதன் நுனியில் இருந்த கமரா காட்டியதைத் திரையில் பார்த்தோம். வெளிறிய நுங்குபோலச் சதை வளர்ந்து வழியை அடைத்திருந்தது. மருந்து கொடுத்துப் பார்த்தார். குறைந்து, மறுபடி வளர்ந்தது. பிறகு ஸ்கான் எடுத்துப் பார்த்துவிட்டு, இதே போன்ற குழாயை விட்டு உள்ளுக்குள்ளேயே சதையை எடுக்கலாம், முகத்தில் ஒரு கீறலும் வராது என்றார்.

"மூச்சு நல்லா வரும். மணம் வருமெண்டு நம்புறன். ஆனா உறுதி சொல்ல ஏலாது."

"மணத்துக்குத்தான் டொக்டர் நான் படுக்கிறன்," என்றாள் இவள். "மூச்சு விட வாய் இரிக்கி."

அறுவை ஒரு திங்கட்கிழமை நடந்தது. அடுத்த நாள் பின்னேரம் ஓட்டோவில் பாலம் கடந்து வீட்டுக்கு வந்தோம். ஆஸ்பத்திரியில் ஒரு தாளில் செய்யக்கூடாதவை எழுதித் தந்திருந்தார்கள். முதலாவது: மூக்குச் சீறக்கூடாது. வெருகல் ஊர்ப் பக்கத்துத் தாதி ஒருத்தி அதன் கீழ் பேனையால் இரண்டு கோடு போட்டு, "இதுதான் அம்மா முக்கியம். சீறினா உள்ளுக்க புண் கிளறுபடும்," என்று சொல்லியிருந்தாள். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். குனியக்கூடாது. இரண்டு தலையணை வைத்துப் படுக்க வேண்டும்.

நான் ஒரு கொப்பித் தாளில் கட்டம் போட்டு அலுமாரிக் கதவில் ஒட்டினேன். ஒவ்வொரு நாளும் இரவுச் சாப்பாட்டுக்கு முன் விசாரணை.

"மூக்குச் சீறினாயா?"

"இல்ல."

"குனிஞ்சாயா?"

"இல்ல. தொழுகையே கதிரையில இருந்துதானே தொழுறன். கண்ணால காணல்லியா?"

"தும்மல்?"

"ஒண்டு. வாயப் பிளந்துதான் தும்மினன். பூனை பயந்து ஓடிட்டுது, அதையும் எழுதிக்கங்க."

எட்டு நாளும் எல்லாக் கட்டத்திலும் சரி போட்டேன். முதல் மூன்று நாள் சிவந்த நீர் வடிந்தது. அது வரும் என்று சொல்லியிருந்தார்கள். நாலாம் நாளிலிருந்து மூக்கைத் துடைக்கிற லேஞ்சியில் புது இரத்தம் கண்டது. "சிறிது" என்று எழுதினேன்.

ஒன்பதாம் நாள் கிளினிக்கில் நல்ல சனம். எங்கள் நம்பர் வருமுன் லுஹர் தொழுகை நேரமாகிவிட்டது. இவள் நடையின் கடைசியில் இருந்த குழாயடிக்குப் போனாள். நான் வாங்குப் பலகையில் கட்டத்தாளை மடியில் விரித்துக்கொண்டு இருந்தேன், டொக்டரிடம் காட்டலாம் என்று. அப்போது அந்த வெருகல் தாதியின் குரல் கேட்டது.

"அம்மா! என்ன செய்றீங்க?"

நடையில் இருந்த எல்லாரும் திரும்பினார்கள். நானும் எழும்பி ஓடினேன். இவள் ஈரக் கையோடு விழித்துக்கொண்டு நின்றாள்.

"ஒளு எடுக்கிறன் மிஸ். தொழுறதுக்குக் கழுவுற."

"மூக்குக்குள்ள தண்ணிய இழுத்துச் சீறினீங்களே, இப்ப!"

"அது சீறுறல்ல மிஸ். ஒளு."

"ஒவ்வொரு முறையும் இப்பிடியா?"

"மூணு தரம்."

"வீட்டிலயும்? அஞ்சு நேரமும்?"

"ஓம்."

தாதி நெற்றியில் கை வைத்தாள். "கடவுளே. இத விட்டா உங்கட தொழுகை கூடாதா அம்மா?"

"கூடும். மூக்குக்குத் தண்ணி செலுத்துற சுன்னத்துத்தான், விட்டாலும் குத்தமில்ல."

"பிறகேன் விடல்ல?"

"நீங்க சொல்லல்லியே மிஸ்! சீற வேணாமெண்டுதானே சொன்னீங்க?"

அவள் வாதாடவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருந்தாள். எங்கள் பேச்சில் சீறுவது என்றால் சளிக்குச் சீறுவது. ஒளுவில் செய்வதை யாரும் அந்தச் சொல்லால் சொல்வதில்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு வாயும் இல்லை. முப்பத்திரண்டு வருடமாக அந்தச் சத்தம் குளியலறைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து எனக்குக் கேட்கிறது. அந்த எட்டு நாளும் கேட்டது. கேட்டுக்கொண்டேதான் சரி போட்டேன். நானும் அதையே செய்கிறவன்தானே. தாளை நாலாக மடித்து சேட்டுப் பைக்குள் வைத்தேன்.

டொக்டர் மறுபடி குழாயை விட்டுப் பார்த்தார். இடது பக்கத்தில் புண் கிளறுபட்டு, இரண்டு சுவரும் ஒட்டப் பார்த்திருந்தன. பிரித்துவிட்டார். இவள் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது.

"நல்ல வேளை, இண்டைக்குக் கண்டம். ஆனா மேல, மணம் தெரியிற இடம் இன்னும் வீங்கியிருக்கு. பொறுத்துத்தான் பாக்கணும்," என்றார்.

திரும்பும்போது ஓட்டோவில் முக்காட்டின் நுனியைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

"எண்ட கையாலேயே கெடுத்துக்கிட்டன்."

"சரி போட்டது எண்ட கை."

"சீறினது நான்."

"கேட்டுக்கிட்டு இருந்தது நான்."

சாரதி கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். என்ன சண்டை என்று அவருக்குப் புரிந்திருக்காது. பாலம் வரும்வரை இப்படியே குற்றத்தை ஆளுக்காள் பிடுங்கிக்கொண்டு வந்தோம்.

அன்றிலிருந்து ஒளுவில் மூக்குக்குத் தண்ணீர் இழுப்பதை விட்டாள். டொக்டர் தந்த போத்தலால் உப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவும்போது நான் பேசினைப் பிடித்தேன். தண்ணீர் தானாக வழிந்து முடியும்வரை இருவரும் அசையாமல் நிற்போம். இரண்டு கிழமை, பதினாலு நாளும், ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் கிழமையும் இல்லை. நாலாம் கிழமை அவளுடைய காக்காவின், மூத்த அண்ணனின், மகளுக்குக் கலியாணம் பேசி முடித்தார்கள். சொல்ல வந்த காக்காவிடம், "எனக்கு ஓரமா ஒரு கதிரை போடச் சொல்லுங்க," என்றாள். அவர் போன பிறகும் அவள் வாசலிலேயே நின்றாள்.

ஆறாம் கிழமை கிளினிக்குக்கு என் மோட்டர் சைக்கிளிலேயே போனோம். உள்ளே துப்புரவாக ஆறிவிட்டது என்றார் டொக்டர். மணத்தைப் பற்றி, "பாப்பம்," என்று மட்டும் சொன்னார். நல்ல வெயில். திரும்பி வரும்போது, கிண்ணியாப் பாலத்தின் நடுவில், பின்னாலிருந்தவள் என் தோளில் தட்டினாள்.

"இந்தச் சேட்ட நேத்தும் போட்டீங்களா?"

"ஏன்?"

"வேர்வை."

பாலத்தில் நிறுத்தக்கூடாது. நிறுத்தினேன். அவள் என் முதுகில் முகத்தை வைத்து இன்னொரு தரம் மோந்தாள். பிறகு தன் மணிக்கட்டை மோந்தாள். முழங்கைப் பக்கம் சட்டைத் துணியை, முக்காட்டின் உட்புறத்தை, ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல்.

"இவ்வளவுதானா நான்?" என்றாள். "இதுக்கா இத்தின காலம் ஓரத்தில போய் இருந்தன்?"

பின்னால் ஒரு லொறி ஹோர்ன் அடித்தது. "எடுங்க, வழிய மறிக்கிறம்," என்றாள், என் முதுகிலிருந்து முகத்தை எடுக்காமலே.