கம்பிக்குக் கீழே கிடந்த விறகு

ஜெகதளா மலைப்பக்கம் பாறையை உடைத்துத் தேயிலை எஸ்டேட்டுக்கு ரோடு போட்டவன் நான். ஃபேக்டரிக்கு அஸ்திவாரம் எடுத்தவனும் நான்தான். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. மின்சாரக் கம்பியோரம் மரம் நிற்கக் கூடாது என்று சட்டம் வந்தபோது, வெட்டும் காண்ட்ராக்டும் எனக்கே கிடைத்தது.

கம்பிக்குக் காவலாக ஒருவர் வந்தார். பெயர் கேட்டதில்லை. எப்போதும் அண்ணாந்து பார்த்தே நடப்பார், முழங்காலெல்லாம் காயம். மரம் வெட்டி முடித்த அன்றுதான் கீழே பார்த்தார். வெட்டிய கிளைகள், பனியில் கருகிய புல்மேல் காய்ந்து கிடந்தன. சரிவுக்குக் கீழே எஸ்டேட் கூலிக்காரர்களின் லைன் வீடுகள், வரிசையாக.

"ஏனுங்க மேஸ்திரி, இதுல பொறி விழுந்தா கீழ இருக்கற லைன் ஊடெல்லாம் என்னாகுங்க?"

"வெட்டறதுதானுங்க சட்டம். வெறகு எஸ்டேட் சொத்து, தொட்டா தொரை தோலை உரிச்சுருவாரு."

"தொரை என்ன, லைன் ஊட்லயா தூங்கறாரு?"

சிரித்துவிட்டேன். லைன் வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டு விறகை அள்ளிப் போகச் சொன்னேன். புல்லையும் செதுக்க வைத்தேன்.

மாசிக் காற்றில் கம்பி அறுந்து அங்கேயே விழுந்தது. பொறி பறந்தும் பற்றவில்லை. லைன் வீடுகள் பிழைத்தன. சட்டம்தான் காத்தது என்றார் துரை; கூடவே, விறகைக் கொடுத்தது யார் என்றும் கேட்டார். நான் வாய் திறக்குமுன், "நானுங்க" என்றார் அந்த மனிதர். அன்றே அவர் வேலை போயிற்று.

எதற்காகத் தன் தலையில் போட்டுக்கொண்டார்? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. எனக்கு எழுதத் தெரியாது; அந்த வீடுகள் பிழைத்த கதையை எழுதுகிறவர்கள் அவரைப் பற்றி எழுதட்டும். ஆனால் விறகைக் கொடுத்தவன் நான். அதையும் எழுத வேண்டும்.