டப்பாவின் பின்பக்கம்

பெயிண்ட் கடையில் டப்பாவின் முன்பக்கத்தைக் காட்டியே காலத்தை ஓட்டியவர் அவர். பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று யாராவது கேட்டால், வாங்க வக்கில்லாதவன் என்று முடிவுகட்டிவிடுவார்.

போனில் ஏதோ வீடியோ பார்த்துப் பால் குடிப்பதை விட்டார். விட்டதில் ஒரு குற்றமும் இல்லை. அன்றிலிருந்து பால் குடிக்கிறவர்களையெல்லாம் புழுவைப் பார்ப்பதுபோல் பார்க்க ஆரம்பித்ததைத்தான் அவர் மனைவியால் சகிக்க முடியவில்லை.

அவள் துணி கம்பெனியில் தையல்காரி. படியில் வழுக்கித் தொடை எலும்பு முறிந்து, கம்பி வைத்து வீட்டுக்கு வந்தாள். சதை தேற வேண்டும், புரதம் முக்கியம், தினமும் தயிர் கொடுங்கள் என்று டாக்டர் சொன்னார். நாலு மாதம்வரை அவள் மிஷினை வேறு யாருக்கும் தரமாட்டேன் என்றிருந்தார் சூப்பர்வைசர். அதற்குள் நடந்தாக வேண்டும்.

கணவர் கிண்ணம் நிறையத் தயிர் கொண்டுவருவார். வெள்ளை வெளேரென்று, வழவழவென்று இருக்கும். படுத்துக்கிடப்பவள் கிண்ணத்தைத்தான் பார்த்தாள், டப்பாவைப் பார்க்கவில்லை; ருசி மாறியிருந்ததை மாத்திரையின் வேலை என்று நினைத்துக்கொண்டாள். வாரங்கள் போயின. தொடை சூம்பிக்கொண்டே வந்தது. பயிற்சி கொடுக்க வந்த பெண், சாப்பாட்டில் புரதமே இல்லையா என்று கேட்டபோது, கணவர் மார்தட்டாத குறையாக, வேளை தவறாமல் தயிர் கொடுக்கிறேன் என்றார்.

அவளைப் பார்க்க வந்த அவளுடைய அண்ணி, தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தவள், பச்சை மூடி டப்பாவோடு வந்தாள்.

"என்ன மாப்ள, இது தேங்காய்ப்பால்ல பண்ணதுல்ல?"

"ஆமாக்கா. சுத்தமான தாவரத் தயிர். அந்த மாட்டுச் சமாச்சாரமெல்லாம் வேண்டாம்னுதான்."

அண்ணி டப்பாவைத் திருப்பி மனைவியிடம் நீட்டினாள். அவள் வாசித்தாள். கொழுப்பு ஏராளம். புரதம் ஒரு கிராம்கூட இல்லை. சுண்ணாம்புச் சத்து சேர்த்ததாக ஒரு வார்த்தை இல்லை.

"ஏங்க, இதைத் திருப்பிப் பாத்தீங்களா?"

"தயிர்னா தயிர்தானே. முன்னாடி எவ்ளோ பெரிசாப் போட்டிருக்கான் பாரு."

அறியாமையை மன்னித்துவிடலாம். பெயர் தெரிந்ததும் பொருளே தெரிந்துவிட்டதாக நினைக்கும் தெம்பை என்ன செய்வது? அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் எதிரே ஓர் ஆள் வேண்டும்.

அண்ணி மறுநாளே சந்தனக் கலர் மூடி போட்ட சோயாத் தயிர் அனுப்பினாள். அதுவும் செடியிலிருந்து வந்ததுதான். புரதம் மாட்டுத் தயிருக்குக் கிட்டத்தட்டச் சமம், சுண்ணாம்புச் சத்தும் சேர்த்திருந்தார்கள். அவள் ஒவ்வொரு டப்பாவையும் திருப்பிப் பார்த்த பிறகே கரண்டியைத் தொட்டாள். முட்டையும் பருப்பும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். கைத்தடியோடு எழுந்தாள்.

நாலாம் மாதக் கடைசியில் வேலைக்குக் கிளம்பி அவள் படி இறங்கியபோது, கீழ்வீட்டுக்காரரிடம் கணவர் அளந்துகொண்டிருந்தார். எல்லாம் தாவரத் தயிரின் மகிமையாம். இவர்தான் தேடிப்பிடித்தாராம்.

அவள் நின்றாள். "நிஜம்தாங்க. எந்தச் செடின்னு அவரையே கேளுங்க."

கீழ்வீட்டுக்காரர் கேட்டார். கணவர் கொஞ்சமும் தயங்கவில்லை.

"அதான் சார், சந்தனக் கலர் மூடி. எங்க கடைல அதே ஷேடு இருக்கு, காட்டறேன் வாங்க."

அவள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு அடுத்த படியில் காலை வைத்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.