பதினெட்டுச் சக்கரக்காரர் சைக்கிள் பழகிய கதை

அந்த முகாமில் நூற்று அறுபத்து நான்கு பேர் இருந்தார்கள். அவர்களில் நூற்று அறுபத்து மூன்று பேருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியும். தெரியாத அந்த ஒருவர்தான் முகாமிலேயே பெரிய வண்டியை ஓட்டியவர்.

கடல் தாண்டிப் பத்து மாதப் பணிக்கு வந்த அந்தப் படைப்பிரிவுக்குத் தண்ணீர் கொண்டுவருவது அவர் வேலை. லாரியும் பின்னால் கோத்த டிரெய்லருமாக மொத்தம் பதினெட்டுச் சக்கரம். காலை ஐந்தே காலுக்குக் கிளம்பி, முப்பத்தொரு கிலோமீட்டர் தள்ளியிருந்த நீரேற்று நிலையத்தில் நிரப்பிக்கொண்டு பத்து மணிக்குள் திரும்பிவிடுவார். எல்லோரும் அவரை டேங்கர் என்றே கூப்பிட்டார்கள். பதினான்கு வயதில் லாரி கிளீனராக ஏறியவர். நடையிலிருந்து நேராக லாரிக்குப் போனதால், சைக்கிள் அவர் வாழ்க்கையில் குறுக்கிடவே இல்லை.

இது அவர் மனைவிக்கு மட்டும் தெரியும். ஏழு வயது மகளிடம் அவர் அளந்து வைத்திருந்த கதை வேறு. அப்பா சின்ன வயதில் இரண்டு கையையும் விட்டுவிட்டு சைக்கிள் ஓட்டுவார் என்று அவள் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆளுக்குப் பத்து நிமிடம் வீட்டுக்கு வீடியோவில் பேசலாம். டேங்கருக்கு மாலை ஐந்து இருபது முதல் ஐந்து முப்பது வரை. ஐந்தாம் மாதத்து ஞாயிறு ஒன்றில் மகள் எடுத்த எடுப்பிலேயே கத்தினாள்.

"அப்பா! எனக்கு சைக்கிள் வாங்கியாச்சு! மாமா கத்துத் தரேன்னார். வேண்டாம்னுட்டேன். நீ வந்துதான் கத்துத் தரணும். கையை விட்டு ஓட்டுறதையும் சேர்த்து!"

அவளுக்குப் பின்னால் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். "மாட்டினீங்களா?" என்றாள்.

மறுநாள் அவர் மெக்கானிக்கின் கொட்டகைக்குப் போனார். ஸ்பானர் என்று பெயர்பெற்ற அந்த மெக்கானிக், உடைந்த இரண்டு சைக்கிள்களைச் சேர்த்து ஒரு சைக்கிள் செய்து வைத்திருந்தார்.

"மச்சான், ஒரு விஷயம். சிரிக்கக் கூடாது."

"சொல்லு."

சொன்னார். ஸ்பானர் அப்படியே டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். "அவ்வளவு பெரிய வண்டியைப் பூ மாதிரி திருப்புற நீயா? ஐயோ, வயிறு வலிக்குதுடா!"

"சிரிச்சு முடிச்சாச்சா? எப்ப ஆரம்பிக்கலாம்?"

மாலை நான்கு மணிக்கு வேலை முடியும். அதற்குப் பிறகு ஆறு வரை முகாம் வீடு மாதிரி ஆகிவிடும். ஒரு பக்கம் கைப்பந்து, ஒரு பக்கம் கேரம். கம்பியில் துணி காயப்போடுகிறவர்கள், ஒருவருக்கொருவர் முடி வெட்டிக்கொண்டு பிறகு சண்டை போடுகிறவர்கள். வரிசையாக நின்ற இரும்புக் கண்டெய்னர்களுக்குப் பின்னால் அறுபது மீட்டர் நீளத்துக்கு மண்தரை கிடந்தது. அந்தப் பக்கம் யாரும் போவதில்லை. பயிற்சி அங்கே நடந்தது.

முதல் வாரத்தில் டேங்கர் பத்தொன்பது முறை விழுந்தார். வண்டி இடப்பக்கம் சாய்ந்தால் இடப்பக்கமே விழுந்தார், வலப்பக்கம் சாய்ந்தால் வலப்பக்கம். எந்த வேகத்தில் போனாலும் ஏழெட்டு மீட்டரைத் தாண்டவில்லை.

மருந்தறை நர்ஸ் மூன்றாவது நாளே சந்தேகப்பட்டாள். "முழங்கால்ல என்ன இது?"

"லாரியில ஏறும்போது வழுக்கிடுச்சு சிஸ்டர்."

"நேத்தும் வழுக்குச்சு, முந்தாநாளும் வழுக்குச்சு. நீங்க கொண்டு வர்றது தண்ணியா, எண்ணெயா?"

ஒன்பதாம் நாள் காலை பத்து மணிக்கு டேங்கர் வழக்கம்போல டிரெய்லரைப் பின்னுக்கு எடுத்து, இரண்டு தூண்களுக்கு நடுவே ஒரே மூச்சில் நிறுத்தினார். பார்த்துக்கொண்டிருந்த ஸ்பானர் நெற்றியில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"அடப்பாவி! நீ சைக்கிளையும் ரிவர்ஸ்தான் எடுக்கிற!"

விஷயம் இதுதான். டிரெய்லரைப் பின்னுக்குத் தள்ளும்போது, அது எந்தப் பக்கம் போக வேண்டுமோ அதற்கு எதிர்ப்பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். பதினோரு வருடமாக அவர் கைக்கு அதுதான் பழக்கம். ஆனால் சைக்கிள் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஹேண்டில்பாரைத் திருப்பினால்தான் நிமிரும். அவர் கை ஒவ்வொரு முறையும் மாற்றித் திருப்பியிருக்கிறது.

அன்று மாலை அறுபது மீட்டரையும் ஓட்டினார். "மச்சான், போகுதுடா! தானா போகுதுடா!" என்று கூவிக்கொண்டே போய்க் கடைசிக் கண்டெய்னரில் மோதினார். ஏனென்றால் நிறுத்துவது இன்னொரு சங்கடம். பிரேக் என்று நினைத்ததும் அவருடைய வலது கால் தானாக அழுத்தும். சைக்கிளில் பிரேக் இருப்பது கையில்; காலை அழுத்தினால் வேகம்தான் கூடும்.

அந்த வெள்ளிக்கிழமை கைப்பந்து ஒன்று கண்டெய்னரைத் தாண்டி விழுந்தது. எடுக்க வந்தவர்கள் பந்தை மறந்து நின்றுவிட்டார்கள். இரவுச் சாப்பாட்டுக்குள் முகாமுக்கே தெரிந்துவிட்டது.

டேங்கருக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. மகளை நினைத்தால்தான் கவலையாக இருந்தது. கையை விட்டு ஓட்டுவது இந்த ஜென்மத்தில் நடக்காது. ஊருக்குப் போய் அவள் முன்னால் அசடு வழிவதைவிட இப்போதே சொல்லிவிடலாம். ஆனால் சொன்ன பிறகு அப்பா சொல்வதை அவள் நம்புவாளா?

ஞாயிறு ஐந்து இருபதுக்கு ஸ்பானர் போனைப் பிடித்துக்கொண்டார். நர்ஸ் பஞ்சும் மருந்துமாகத் தயாராக நின்றாள். நாற்பது பேராவது சுற்றி நின்றிருப்பார்கள்.

"பாப்பா, அப்பா உன்கிட்ட பொய் சொல்லிட்டேன். எனக்கு சைக்கிளே தெரியாது. பதிமூணு நாளாத்தான் கத்துக்கிறேன்."

அவள் முகம் சுருங்கியது.

"சரி, ஓட்டிக் காட்டு."

அவர் ஏறினார். கைப்பந்துத் திடலைச் சுற்றி முழுதாக ஒரு வட்டம் வந்தார். கூட்டம் ஆரவாரித்தது. போனைத் தாண்டி இரண்டாவது வட்டமும் போனார். மூன்றாவதும் போனார்.

"அப்பா! ஏன் நிக்க மாட்டேங்குற?"

"நிறுத்தத் தெரியலை கண்ணு!" என்று சொல்லிக்கொண்டே கடந்தார்.

அடுத்த சுற்றில், "பிரேக் போடுப்பா!"

"போட்டா இன்னும் ஓடுது!"

அதற்கடுத்த சுற்றில் மகள் சிரித்துச் சிரித்து விக்கிக்கொண்டிருந்தாள். "அம்மா, ஓடி வா! அப்பா சுத்திக்கிட்டே இருக்காரு!"

மனைவியின் குரல் கேட்டது. "அப்படியே சுத்துங்க. பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கு."

ஆறாவது சுற்றில் மகள் தொண்டை கிழியக் கத்தினாள். "அப்பா, நீ ஓட்டக் கத்துக் குடு, நான் நிறுத்தக் கத்துத் தரேன்! மிதிக்காதே! மெதுவானதும் ஒரு காலைக் கீழே வை! அவ்வளவுதான்!"

ஏழாவது சுற்றில் அவர் மிதிப்பதை விட்டார். வண்டி தளர்ந்தது. இடது காலை மண்ணில் ஊன்றினார். நின்றது. அவரும் விழாமல் நின்றார். நாற்பது பேரும் போட்ட கூச்சலில் கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து வந்தார்கள்.

திரும்பிப் பார்த்தார். மணி ஐந்து முப்பது. ஸ்பானர் கையிலிருந்த போன் கறுத்திருந்தது.

"லைன் போச்சு மச்சான்" என்றார் ஸ்பானர். "ஆனா நீ நின்னதைப் பாப்பா பார்த்தப்புறம்தான் போச்சு. எகிறிக் குதிச்சா."

"நிஜமா பார்த்தாளா?"

"பார்த்தாடா."

டேங்கர் நர்ஸிடம் கேட்டார். சமையற்காரரிடம் கேட்டார். சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் பதினொரு பேரிடம் கேட்டுவிட்டார். பார்த்தாள் என்றே எல்லோரும் சொன்னார்கள். ஆனாலும் பன்னிரண்டாவது ஆளைத் தேடிக்கொண்டு போனார்.