திங்களும் வியாழனும் வருகிறவள்

மெஹர் பானுவின் வீட்டு வாசலில் நீல நிற ஸ்கூட்டி ஒன்று நிற்பதைப் பார்த்த அன்றைக்கே பேச்சித்தாய்க்கு அது பிடிக்கவில்லை. தூக்குவாளியில் ரசத்தோடு உள்ளே போனாள். பானுவின் கட்டிலுக்குப் பக்கத்தில், பேச்சித்தாய் வழக்கமாக உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலியில், நீலக் கோட்டுப் போட்ட ஒரு பெண் உட்கார்ந்து பானுவின் கால் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"வா பேச்சி. இவ ஜெனி, செங்கோட்டைக்காரி. வயசானவங்களை வீட்டுல வந்து பாத்துக்கிடதுக்கு நம்மூர்ல ஒரு மன்றம் ஆரம்பிச்சிருக்காங்கள்லா, அங்கனயிருந்து வாரா. இனிமே திங்களும் வியாழனும் வருவா" என்றாள் பானு.

"இப்படி உக்காருங்க ஆச்சி" என்று ஜெனி கட்டில் ஓரத்தைக் காட்டினாள்.

பேச்சித்தாய் உட்காரவில்லை. "நகத்தைப் போன வாரந்தான் நான் வெட்டிவிட்டேன்" என்றாள்.

"சுகர் உள்ளவங்களுக்கு இவ்வளவு ஒட்ட வெட்டக் கூடாது ஆச்சி. ஓரத்துல புண்ணாயிருக்கு, பாத்தீங்களா?"

குனிந்து பார்த்தாள். புண் இருக்கத்தான் செய்தது. அதனால் ஜெனியை இன்னும் பிடிக்காமல் போயிற்று.

பேச்சித்தாய்க்கு எழுபதை நெருங்கும் வயது. தென்காசியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய், பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் தக்காளியும் கத்தரிக்காயும் தரம் பிரிக்கும் வேலையில் காலத்தைக் கழித்தவள். கணவன் மாடன் கேரளத்துக்கு ரப்பர் வெட்டப் போனான். முதலில் தீபாவளிக்குத் தீபாவளி வந்தான், பிறகு வரவில்லை. செத்தானா, அங்கேயே ஒரு குடும்பம் வைத்துக்கொண்டானா என்று அவள் தேடிப் போகவும் இல்லை. ஒரே மகளை வளர்த்து சுரண்டையில் கட்டிக்கொடுத்தாள்.

பக்கத்து வீட்டு மெஹர் பானுவுக்குக் கணவர் இருந்தார், ஆனால் சவூதியில், தம்மாமில் இருந்தார். ஆண் துணை இல்லாத இரண்டு வீடுகள், நடுவில் ஒரு மதில். கொல்லைப்புறம் அந்த மதிலில் ஒரு சின்னக் கதவு வைத்துக்கொண்டார்கள். பானுவின் கணவர் முகம்மது யூசுப்பைப் பேச்சித்தாய் அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள். அதனால் பானு அவளுக்கு மைனி. பானுவின் மகன் ஹுஸைஃபா பிறந்தபோது ஆஸ்பத்திரியில் கூட இருந்தவள் பேச்சித்தாய். பேச்சித்தாயின் மகளுக்கு அம்மை போட்டபோது வேப்பிலை பறித்துக் கொண்டுவந்து போட்டுவிட்டு, தள்ளி நின்று அழுதவள் பானு.

யூசுப் ஊருக்கே திரும்பி வந்த கொஞ்ச காலத்தில் மாரடைப்பில் போய்விட்டார். ஹுஸைஃபா பெண்டாட்டி பிள்ளைகளோடு ஷார்ஜாவில் தங்கிவிட்டான். மூன்று வருடத்துக்கு முன்னால் பானுவுக்கு இடது பக்கம் இழுத்துக்கொண்டது. கை சரியாகிவிட்டது, கால் சரியாகவில்லை. பேச்சித்தாய் அன்றோடு சந்தை வேலையை விட்டாள். குளிப்பாட்டுவது, சமைப்பது, மாத்திரை கொடுப்பது, தோளில் சாய்த்துக் கழிப்பறைக்குக் கூட்டிப் போவது எல்லாம் அவள்தான். இரவில் பானு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் போதும், மதில் கதவைத் திறந்துகொண்டு வந்துவிடுவாள். சம்பளம் பேசலாமா மாமி என்று ஹுஸைஃபா ஒரு தடவை போனில் கேட்டான். ஒரு மாதம் அவனோடு அவள் பேசவில்லை.

இப்படி இருந்த வீட்டில் ஜெனி வந்து நுழைந்தாள்.

திங்களும் வியாழனும் பானு காலையிலேயே நல்ல சேலையாக எடுத்து வைக்கச் சொன்னாள். ஜெனி அவளைப் "பானும்மா" என்று கூப்பிட்டாள். பிரஷர் பார்த்தாள், காலை நீட்டி மடக்கப் பயிற்சி கொடுத்தாள். பேச்சித்தாய் எத்தனை தடவை சொல்லியும் "வலிக்கி, விடுட்டி" என்று மறுத்த பானு, ஜெனி "இன்னும் ஒண்ணு, பானும்மா, ஒண்ணே ஒண்ணு" என்று கொஞ்சினால் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினாள். "மதி, மதி" என்று ஜெனி கைதட்டுவாள். செங்கோட்டைக்காரர்கள் பேச்சில் மலையாளம் எட்டிப்பார்க்கும். பானு அதையும் பிடித்துக்கொண்டாள். ஒரு நாள் சாதம் போடும்போது "மதி" என்று கையை மறித்தாள். பேச்சித்தாய் கரண்டியைச் சட்டியில் டங்கென்று போட்டாள்.

"போதும்னு சொல்லத் தெரியாதோ?"

"ஏட்டி, சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"நல்லாத்தான் பேசுத."

பொறாமை என்று அவள் அதற்குப் பெயர் வைக்கவில்லை. ஆனால் ஜெனி பார்த்துச் சொன்ன பிரஷர் சரிதானா என்று மருந்துக்கடைப் பையனிடம் விசாரித்தாள். ஜெனி உப்பைக் குறைக்கச் சொன்ன பிறகு, வியாழக்கிழமைகளில் மட்டும் குழம்பில் ஒரு கல் உப்புக் கூடுதலாகப் போட்டாள். ஜெனி தன் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து பானுவுக்கு ஒரு வாய் கொடுப்பதையும், பானு அதை "என்ன ருசி" என்று தின்பதையும் அடுக்களையில் நின்று பார்த்தாள். அடுப்பில் அவள் வைத்த சாளை மீன் குழம்பு ஆறிக்கொண்டிருந்தது.

ஒரு வியாழக்கிழமை ஹுஸைஃபா வீடியோ காலில் வந்தான். பானு போனை ஜெனி பக்கம் திருப்பினாள்.

"சிஸ்டர், நீங்க வந்ததுக்கு அப்புறந்தான் எங்க உம்மா முகமே தெளிவாயிருக்கு. எப்படி நன்றி சொல்லன்னு தெரியல" என்றான் அவன்.

பேச்சித்தாய் அப்போது பானுவின் நனைந்த பாவாடையைப் பிழிந்துகொண்டிருந்தாள். தண்ணீர் சொட்ட உள்ளே வந்து, போனுக்கு எதிரே நின்றாள். "மாமி நல்லாயிருக்கீகளா?" என்று கேட்டான். "இருக்கேன்" என்றாள். அதற்குள் அவனை யாரோ கூப்பிட்டார்கள், போன் அணைந்துவிட்டது.

அடுத்த வாரம் ஜெனி ஒரு வாக்கர் கொண்டுவந்தாள். நான்கு கால் வைத்த அலுமினியத் தாங்கி. மன்றத்தில் இரவலாகக் கொடுத்தார்கள். இரண்டு கையாலும் பிடித்து, முன்னால் எடுத்து வைத்து, அதன் பின்னாலேயே நடக்க வேண்டும். பானு முதல் நாள் கதவு வரை போனாள். மறுவாரம் கழிப்பறை வரை தனியாகப் போனாள். திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தவள் கண்ணில் தண்ணீர். ஜெனியின் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

பேச்சித்தாயின் போன் அதற்குப் பிறகு இரவில் அடிக்கவில்லை. தூக்கம் கலையாமல் கிடப்பது அவளுக்கு நன்றாக இருந்திருக்க வேண்டும். அவளோ விழித்துக் கிடந்தாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் பானு சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரம், பேச்சித்தாய் வாக்கரைச் சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லையில் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் வைத்தாள். தன் வீட்டுக்கு வந்து போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முழித்தால் கூப்பிடுவாள். கூப்பிட்டால் போய்த் தோளைக் கொடுக்கலாம். வேறொன்றும் அவள் நினைக்கவில்லை.

போன் அடிக்கவில்லை. வெயில் இறங்கும்வரை அடிக்கவில்லை. மனசு கேட்காமல் மதில் கதவைத் திறந்துகொண்டு போனாள்.

பானு கழிப்பறைக்குப் போகும் வழியில், சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். சேலை நனைந்திருந்தது. வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது.

"மைனி!"

"வாக்கரை எங்கட்டி வச்ச?"

பேச்சித்தாய் தூக்கக் கையை நீட்டினாள். பானு அந்தக் கையைத் தொடவில்லை.

"என்னக் கூப்பிட்டா என்ன? நான் வந்திருக்க மாட்டேனா? மூணு வருஷமா வரலியா?"

"மூணு வருஷமா நான் மத்தியானத்துக்கு மேல தண்ணி குடிக்கதில்ல. தெரியுமா உனக்கு? நீச்சுருக்கு நீச்சுருக்குன்னு டாக்டர்ட்ட கூட்டிப்போனியே, எதனாலன்னு நெனைச்ச? நீ காய்ச்சித் தந்த பார்லித் தண்ணியெல்லாம் ஜன்னல் வழியா ஊத்துனேன். குடிச்சா ராத்திரி ஒன்ன எழுப்பணும். ஒன் தோளைப் பிடிச்சுக்கிட்டு, ஒனக்கு முன்னால குத்தவச்சுக்கிட்டு… தெனமும் செத்தேன்ட்டி நான். இந்தக் கம்பி வந்த பெறகுதான் வயிறு நெறையத் தண்ணி குடிக்கேன்."

இதைக் கேட்டதும் பேச்சித்தாய்க்கு முதலில் வந்தது வருத்தம் அல்ல. வேறொரு கேள்விதான் வாயில் வந்தது.

"இத அவகிட்ட சொன்னியா?"

"சொன்னேன்."

"எங்கிட்ட சொல்லல."

"ஒங்கிட்ட எப்படிச் சொல்ல?"

பானு அவளைத் தூக்க விடவில்லை. "ஜெனிக்குப் போன் போடு" என்றாள். பேச்சித்தாய்தான் அந்த நம்பரை அழுத்தினாள். ஜெனி ஆட்டோவோடு வந்தாள், ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் எலும்புக்கு ஒன்றுமில்லை. வாக்கர் எப்படிக் கொல்லைக்குப் போயிற்று என்று ஜெனி கேட்டபோது, "நான்தான் கழுவிப் போடச் சொன்னேன்" என்றாள் பானு. பேச்சித்தாயைப் பார்க்காமலே சொன்னாள்.

கை சரியாகும்வரை பானுவோடு இருக்க மன்றத்திலிருந்து ஓர் ஆளை ஜெனி ஏற்பாடு செய்தாள். மறுநாள் பேச்சித்தாய் சுரண்டைக்குப் பஸ் ஏறிவிட்டாள். மகள் வீட்டில் இருந்த நாளெல்லாம் இன்றைக்குத் திங்களா வியாழனா என்றே நினைத்தாள். பானு சிரிப்பது காதில் கேட்டது. தான் இல்லாத வீட்டில் அந்தச் சிரிப்பு இன்னும் சத்தமாக இருக்கும் என்று தோன்றியது. மகள், "பேசாம போய் மன்னிப்புக் கேளேம்மா" என்றாள். "நீ அவளுக்குத்தான் பேசுவ" என்று அவளிடமும் சண்டை போட்டுவிட்டுத் தென்காசிக்குத் திரும்பினாள். மதில் கதவைத் திறக்கவில்லை.

அந்த வியாழக்கிழமை ஸ்கூட்டி அவள் வீட்டு வாசலிலேயே வந்து நின்றது.

"ஒரு உதவி ஆச்சி" என்றாள் ஜெனி. "குத்தாலத்துல முத்துலட்சுமின்னு ஒரு அம்மா. அருவிக்கு வாரவங்களுக்கு ரூம் விடுத வீடு அவங்களுக்கு. எண்பது வயசு. சீசன்ல மகன் பேச்சிராஜுக்கு நிக்க நேரமில்ல. நாங்க யாரு போனாலும் வெளிய போன்னு விரட்டுதாங்க. சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி எறியுதாங்க. பானும்மாகிட்ட புலம்பினேன். பேச்சியக் கூட்டிட்டுப் போ, எந்தப் பிடிவாதக்காரியையும் அவ சமாளிப்பான்னு சொன்னாங்க."

என்னை வேறொரு வீட்டுக்குத் தள்ளிவிடப் பார்க்கிறாளா என்று பேச்சித்தாய்க்குச் சுருக்கென்றது. அந்தக் கோபத்திலேயே சேலையை மாற்றிக்கொண்டு ஸ்கூட்டியின் பின்னால் ஏறினாள். வழியெல்லாம் சாரல் அடித்தது. ஜெனியின் இடுப்பைப் பிடிக்க மனமில்லாமல் பின் கம்பியைப் பிடித்துக்கொண்டே போனாள்.

முத்துலட்சுமி மாடியறையில் சீட்டுக்கட்டோடு உட்கார்ந்திருந்தாள். அந்தக் காலத்தில் தங்க வந்த பெண்களோடு விடிய விடியச் சீட்டாடியவள். இப்போது கூட ஆட ஆளில்லை.

"நீயும் நீலக் கோட்டா?"

"என்னைப் பாத்தா கோட்டுப் போட்டவ மாதிரியா இருக்கு?"

"சீட்டாடத் தெரியுமா?"

"தெரியாது. சொல்லிக் குடுத்தா ஆடுவேன்."

மூன்றாவது ஆட்டத்தில் கிழவி ஒரு சீட்டை மடியில் செருகுவதைப் பேச்சித்தாய் பார்த்துவிட்டாள். கையைப் பிடித்தாள். "பேச்சித்தாய்கிட்டேயா கள்ளாட்டம்?" கிழவி ஒரு நொடி முறைத்தாள். பிறகு பொக்கை வாய் குலுங்கச் சிரித்தாள். அன்றைக்குத் தட்டு பறக்கவில்லை. சாப்பிட்டுவிட்டு, "நாளைக்கும் வா" என்றாள்.

பேச்சித்தாய் மறுநாளும் போனாள். அதற்குப் பிறகு ஒன்று விட்டு ஒரு நாள் பஸ்ஸில் போய் வந்தாள். கழிப்பறைக்கு முத்துலட்சுமி யாரையும் கூப்பிடாமல் சுவரைப் பிடித்துத் தானே போனாள். முதல் நாள் பேச்சித்தாய் எழுந்து தோளைக் கொடுக்கப் போனாள். பிறகு என்ன நினைத்தாளோ, உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் ஜெனியிடம், அந்தச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி பதிக்க முடியுமா என்று கேட்டாள். மன்றத்து ஆள் வந்து பதித்துக் கொடுத்தான்.

ஒரு நாள் மாலை அவள் குற்றாலத்திலிருந்து வந்து இறங்கியபோது போன் அடித்தது. பானு.

"உசுரோட இருக்கியா?"

"இருக்கேன்."

"கதவு தெறந்துதான் கெடக்கு."

பேச்சித்தாய் போனாள். பானுவின் மணிக்கட்டு வீக்கம் வற்றியிருந்தது. "நான் செஞ்சது தப்பு மைனி" என்றாள் பேச்சித்தாய். "ஆமா, தப்புதான்" என்றாள் பானு. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மேஜைமேல் மூடி வைத்திருந்த தேநீரையும் நான்கு ரொட்டிகளையும் அவள் பக்கம் தள்ளினாள். கொஞ்ச நேரம் டி.வி. பார்த்தார்கள். விளம்பரம் வந்தது.

"அவ எப்படி?" என்று பானு கேட்டாள்.

"எவ?"

"அதான், குத்தாலத்துக்காரி."

"நல்ல மாதிரி. சீட்டாடச் சொல்லித் தந்திருக்கா."

"சீட்டா! அல்லாவே. இந்த வயசுலயா?"

"நேரம் போறதே தெரியல மைனி."

பானு டி.வி.யின் சத்தத்தைக் குறைத்தாள். "தெனமும் போகணுமோ?"

"ஒண்ணு விட்டு ஒரு நாள்தான் போறேன். தெனமும் வரச் சொல்லுதா."

"நான்தான ஒம்பேரைச் சொன்னேன். ஒரு நாளு ரெண்டு நாளு போயிட்டு வருவன்னு நெனைச்சேன்." பானு ரிமோட்டைக் கையில் உருட்டினாள். "எங்கிட்ட பேசுத மாதிரி அவகிட்டயும் பேசுவியா?"

முத்துலட்சுமி சீட்டைத் தவிர வேறெதைப் பற்றியும் பேசுகிறவள் அல்ல. பாதி நேரம் ஆட்டத்தின் நடுவிலேயே குறட்டை விடுவாள்.

"பேசாம எப்படி மைனி? அவளும் பிரியமா இருக்கா, நானும் மனசுல உள்ளதெல்லாம் சொல்லுதேன்" என்றாள் பேச்சித்தாய்.

பானுவின் முகம் சுண்டிப்போயிற்று. டி.வி.யை அணைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பேச்சித்தாய் ரொட்டியைத் தேநீரில் முக்கி, அவசரப்படாமல் தின்றாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவளுக்கு நன்றாகப் பசித்தது.