பவுனம்மாள் சாகவில்லை

என் அம்மா பவுனம்மாள் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் செத்துப்போனாள். இடுப்பில் இருந்த நானும் செத்தேன். எங்களைக் கிள்ளான் ஆற்றில் தள்ளியவர் ரயில்வே ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி கார்த்திகேசு.

அவருடைய துப்பறியும் நாவலைப் படிக்காதவர் எங்கள் பிரிக்பீல்ட்ஸில் இல்லை. அதற்கு முன்னால் ஒன்று எழுதினார், யாரும் சீந்தவில்லை. 'பவுனம்மாள் அல்லது பதியை மறந்த பாவை'. பேரைக்கூட மாற்றவில்லை, மகராசன். கிள்ளான் ரப்பர் தோட்டத்தில் என் அப்பன் அவளை விறகுக் கட்டையால் அடித்ததும், அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு தண்டவாளத்தோடு நடந்து இங்கே வந்ததும், தோசை சுட்டு என்னை நாலாம் வகுப்புவரை படிக்க வைத்ததும் தினமும் தோசைக்கு வரும் அவரிடம் அவளே அடுப்படியில் சொன்ன கதைதான்.

அவர் ஒரு புத்தகம் கொடுத்தார். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, நான் வாசித்துக் காட்டினேன். ஆறு வந்த இடத்தில் என் வாய் தானாகத் திரும்பிவிட்டது. ஆற்றைத் தூக்கிவிட்டு அம்மாவுக்குச் சொந்தமாக ஒரு சாப்பாட்டுக் கடை வைத்துக் கொடுத்தேன். வாத்தியார் நாற்காலியில் பசை தடவிய எனக்கு இது பெரிய காரியமில்லை. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுநாள் கிராணியாருக்கு மட்டும் ஒரு தோசை கூடுதல்.

இரண்டு வருஷம் ஓடியது. போன மாதம் குழாயடியில் பக்கத்து வீட்டு வீரம்மா விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டாள்.

"கடைசியில ஆத்துல விழுந்துட்டியாமே, பவுனு? எங்க வீட்டுக்காரரு படிச்சிட்டு மூக்கைச் சிந்துறாரு லா. துப்பறியுற கதை நல்லா ஓடுதுன்னு அதையும் மறுபடி அச்சடிக்கிறாங்களாம்."

அம்மா என்னை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

மறுநாள் காலை கிராணியார் தட்டை நீட்டினார்.

"செத்தவ எப்படிங்க தோசை சுடுறது?" என்றாள் அம்மா.

அவர் சிரித்தார். "அது கதையல்லோ, பவுனம்மா. புருஷனை விட்டிட்டு வந்தவள் நல்லா இருந்தாளெண்டு எழுதினா சனம் வாங்குமோ?"

"நான் நல்லா இருக்கறதைப் பாத்துக்கிட்டேதானே தின்னீங்க? அச்சடிக்கிறதுக்குள்ள மாத்துங்க."

நாலு காலை அவர் பட்டினியாக ஆபீஸுக்குப் போனார். ஐந்தாம் நாள் அச்சுக்கூடத்துத் தாளோடு வந்தார். "மாத்திப்போட்டன்."

"தங்கமணி, இந்தத் தடவை இருக்கறதை மட்டும் வாசி," என்றாள் அம்மா என்னிடம்.

வாசித்தேன். பவுனம்மாள் ஆற்றங்கரையில் மனம் திருந்துகிறாள். தோட்டத்துக்குத் திரும்பிப் போய்ப் புருஷன் காலில் விழுகிறாள். அவன் பெரிய மனது பண்ணி மன்னிக்கிறான். வாய் மறுபடியும் திரும்பப் பார்த்தது. ஆனாலும் ஒரு சொல்கூட மாற்றவில்லை.

அம்மா கல்லில் இருந்த தோசையைத் திருப்பிப் போட்டாள்.

"அதுக்கு அந்த ஆறே தேவலை. தட்டை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க."

அவர் போனதும் என்னைப் பார்த்தாள். "அவரு எதையாவது அச்சடிக்கட்டும். உனக்குத்தான் நல்லாப் புளுக வருமே. இப்ப நடந்ததை அப்படியே எழுது, பாப்போம்."

எழுதுகிறேன். பவுனம்மாளுக்கு வயது முப்பத்தாறு. என் அப்பன் காலில் அவள் விழவில்லை, விழப்போவதுமில்லை. ரயில்வே குவார்ட்டர்ஸ் மூன்றாம் வரிசை முனையில் விடிந்தால் அடுப்பு எரியும், யாரும் வரலாம். கிராணியாருக்கு மட்டும் இன்றைக்கும் தோசை கிடையாது.