கொள்ளைக்கார அக்கா

பூதக்கண்ணாடியைத் தாளின் மேல் நகர்த்திக்கொண்டே இடது கையால் கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொள்கிறார். மூன்று வரிக்கு ஒரு தடவை இது நடக்கும். ஆவணக் காப்பகத்து வாசிப்பறையில் ஜன்னலை ஒட்டிய மேசை இருபத்திரண்டு வருடமாக அவருடையது. முந்நூறு வருடத்துக்கு முந்தைய கப்பல் கடிதங்கள், சரக்குப் பட்டியல்கள், கடற்கொள்ளை வழக்குகள் இவற்றை ஆராய்ந்து எழுதுவதுதான் பிழைப்பு. ஊழியர்கள் முதுகுக்குப் பின்னால் ‘கொள்ளைக்கார அக்கா’ என்பார்கள். அவருக்கும் தெரியும். “கண்ணு போனதுதான் மிச்சம். கொள்ளைன்னு ஒண்ணையும் காணோம்” என்பார்.

கடல் அவருக்கு ஆகாது. படகில் கால் வைத்தாலே குமட்டும். எந்தக் கப்பல் எந்தத் துறையில் மிளகு இறக்கியது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். வீட்டுச் சாவியை எங்கே வைத்தோம் என்பதைத் தங்கையிடம்தான் கேட்க வேண்டும். கல்யாணம் செய்துகொள்ளாத இருவருக்கும் ஒரே வீடு.

“இந்த வருஷமாவது புக்கு முடியுமாக்கா?” என்று தங்கை கேட்பாள்.

“முடிஞ்ச மாதிரிதான்.”

போன செவ்வாய்க்கிழமை அந்த நம்பிக்கையும் போயிற்று. துணி ஏற்றுமதிக் கணக்குத் தாள்களின் கட்டு ஒன்றுக்குள் இடம் மாறிக் கிடந்தது ஒரு கடிதம். கப்பல் தலைவன் ஒருவன் தன் அண்ணனுக்கு எழுதியது. சரக்கைக் கள்ளத்தனமாக விற்றுவிட்டு, கப்பலைத் தானே மூழ்கடித்து, கொள்ளையர் வந்தார்கள் என்று கதை கட்டியதை ஒப்புக்கொள்கிறான். கொள்ளையருக்கு உடந்தை என்று அவனுடைய மாலுமிகள் பதினோரு பேரைத் தூக்கில் போட்டார்கள். அந்தத் தீர்ப்பை அப்படியே நம்பி எழுதிய முதல் புத்தகம்தான் இவருக்கு வேலையும் பெயரும் வாங்கித் தந்தது.

“யாருக்கு மேடம் தெரியப்போகுது? புதுப் புக்குல ஒரு அடிக்குறிப்பு போட்டுட்டாப் போச்சு” என்றார் வாசிப்பறைக் கண்காணிப்பாளர், ஆறுதலாக.

“ஒரு அத்தியாயம் முழுக்க அவங்களைத் திட்டியிருக்கேன் சார். மன்னிப்பை மட்டும் அடியில பொடி எழுத்துல போடவா?”

அச்சுக்குப் போகவிருந்த புதுப் புத்தகத்தின் பிரதியைத் திருப்பி அனுப்பச் சொல்லிப் பதிப்பகத்துக்கு அங்கேயே ஒரு கடிதம் எழுதினார். பிறகு வராந்தாவில் நின்று தங்கைக்குப் போன் செய்தார். “இன்னும் ரெண்டு வருஷம் ஆகும்டி” என்றார். தங்கை ஏதோ கேட்க, “சாப்பிட்டேன், சாப்பிட்டேன்” என்றார். சாப்பிட்டிருக்கவில்லை.

உள்ளே வந்து அலமாரியிலிருந்து தன் முதல் புத்தகத்தை உருவினார். காப்பகத்தின் பிரதி அது. ‘கொள்ளையர் பதினோரு பேர்’ என்ற வரியில் முதல் சொல்லைப் பென்சிலால் அடித்து, மேலே ‘மாலுமிகள்’ என்று எழுதினார். புத்தகத்தில் எழுதக்கூடாது என்று சொல்ல எழுந்த கண்காணிப்பாளர் மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

அக்கா பென்சிலோடு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.